அஷ்டலெட்சுமியில் சேராத லெட்சுமிகள்

பேத்திக்குப் பெயர் பார்க்கக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போன அன்று, என் பெயரையும் கூட்டிப் பார்த்துவிட்டார் அந்த எண்கணித ஜோதிடர். யாரும் கேட்கவில்லை. அவருக்கு அப்போது வேறு ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

மருமகள் பத்தியத்தில் இருந்தாள். அதனால் மகன் என்னைக் கூட்டிக்கொண்டு ரவாங்கில் கொமுட்டர் ரயில் ஏறினான். குழந்தை கேட்டை நட்சத்திரம். 'யா'வில் தொடங்க வேண்டும். மருமகள் வாட்ஸ்அப்பில் பெயர்களை அனுப்ப அனுப்ப, ஜோதிடர் ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் எழுதி, எழுத்துக்கு ஓர் எண் போட்டு, கூட்டி, உதட்டைப் பிதுக்கினார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பெயர் தேறியது. அதிலும் ஒரு 'ஏ' கூடுதலாகப் போட வேண்டும், நடுவில் ஒரு 'எச்' நுழைக்க வேண்டும். மொத்தம் பதினான்கு எழுத்து. 2001ல் ஜெயலலிதாவே தன் ஆங்கிலப் பெயரின் வாலில் ஓர் 'ஏ' சேர்த்துக்கொண்டார் என்று அவர் ஆதாரம் காட்டினார். அதன் பிறகு அந்த அம்மாவுக்கு என்னவெல்லாம் நடந்தது என்று நான் கேட்கவில்லை. பணம் கட்டியாகிவிட்டது.

"உங்க பேரு என்னாம்மா?" என்றார்.

சொன்னேன். ஐ.சி.யை, அதாவது அடையாள அட்டையை, கேட்டு வாங்கிப் பார்த்தார். எல், இ, டி, சி, எச், யூ, எம், ஐ. மூன்று, ஐந்து, நான்கு, மூன்று, ஐந்து, ஆறு, நான்கு, ஒன்று. கூட்டினால் 31. மூன்றும் ஒன்றும் நான்கு. நான்கு என்றால் ராகு.

"யாரும்மா இப்படி எழுதுனது? இந்தியாவுல எழுதுற மாதிரி எல், ஏ, கே, எஸ்னு எழுதியிருந்தா 19 வந்திருக்கும். 19னா ஒன்னு. சூரியன். ராஜயோகம்மா, ராஜயோகம்!"

"தோட்டத்துக் கிராணி எழுதுனது" என்றேன்.

ஜோதிடர் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான வருத்தம் இருந்தது. அறுபது வருஷத்துக்கு மேல் ராகுவோடு குடித்தனம் நடத்தியவளை அவர் அன்றுதான் நேரில் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

திரும்பி வரும்போது ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். கிராணி ஐயாமேல் பழி போடுவது நியாயமில்லை. தோட்டத்துக் கணக்கு எழுதிய அந்தக் காலத்துக் கிராணிமார்களில் மலையாளிகளும் யாழ்ப்பாணத்துக்காரர்களும் நிறையப் பேர். எங்கள் சனம் வாயால் சொன்னதைக் காதால் வாங்கி அப்படியே எழுதினார்கள். நம் வாயோ 'லட்சுமி' என்று சொல்லாது. ரத்தம் ரெத்தமாகும், கங்கை கெங்கையாகும், பலம் பெலமாகும், லட்சுமி லெட்சுமியாகும். அவசரத்தில் கூப்பிட்டால் லெச்சுமி. அந்த உச்சரிப்பை எழுத்துப் பிசகாமல் பிடித்தவர் கிராணி. அவர் ரொம்பச் சரியாக எழுதியதால் என் ராஜயோகம் போயிற்று.

நான் பிறந்தது 1956, மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டு விடுதலைக்கு, முந்தின வருஷம், ரவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில். இந்த ரவாங்குக்கு ஒரு பெருமை உண்டு. மலாயாவில் முதன்முதலில் மின்சாரம் வந்த ஊர் இது. 1894ல் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் இங்கே தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்சார இயந்திரம் கொண்டுவந்தார்கள். அதற்கு அறுபது எழுபது வருஷம் கழித்தும் எங்கள் லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. மின்சாரம் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டது, எங்கள் பக்கம் ஏறி வர வழி தெரியவில்லை என்று அப்பா சொல்வார்.

எனக்கு ஏன் லெட்சுமி என்று பெயர் வைத்தார்கள் என்பதற்கு வீட்டில் இரண்டு கதை இருந்தது. அப்பா கட்சிக் கதை: கேப்டன் லட்சுமி. 1943ல் சிங்கப்பூரில் நேதாஜி ஆரம்பித்த ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய டாக்டரம்மா. அந்தப் படையில் தோட்டத்துப் பெண்களும் துப்பாக்கி பிடித்தார்கள். அம்மா கட்சிக் கதை: வெள்ளிக்கிழமை பிறந்தேன், அவ்வளவுதான். அப்பா தன் கதையைப் பலமுறை, கள்ளுக்கடையிலிருந்து வந்த பிறகு கொஞ்சம் சத்தமாகவும், சொல்லியிருக்கிறார். அம்மா ஒரே தடவை சொன்னாள். எனக்கு அம்மா சொன்னதில்தான் நம்பிக்கை.

ஏனென்றால் எங்கள் தோட்டத்தில் வெள்ளிக்கிழமைக்கு ஒரு லெட்சுமி இருந்தாள். முதல் பிள்ளை பெண்ணாகப் பிறந்தால் லெட்சுமி. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்து தகப்பன் முகம் சுருங்கினால், பக்கத்து வீட்டுப் பாட்டி "மகாலெட்சுமி வந்திருக்காடா" என்று சொல்லித் தேற்றுவாள், அதுவும் லெட்சுமி. பையன் பிறந்த வீட்டில் யாரும் தேறுதல் சொன்னதாக எனக்கு நினைவில்லை. செல்வத்தின் அதிதேவதை எங்கள் தோட்டத்தில்தான் அதிகம் அவதாரம் எடுத்தாள். விடிகாலை ஐந்து மணிக்கு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தலையில் விளக்கோடு வரிசையில் நின்றாள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பில் நாங்கள் ஐந்து லெட்சுமி. வாத்தியார் இலக்கணம் கற்றவர். தமிழில் 'ல'வில் சொல் தொடங்காது, தொல்காப்பியம் இடம் தராது என்று சொல்லி, வருகைப் பதிவேட்டில் எங்களையெல்லாம் 'இலட்சுமி' ஆக்கிவிட்டார். கூப்பிடும்போது அவருக்கும் லெச்சுமிதான். ஐந்து பேரும் "உள்ளேன் ஐயா" என்றதும் அவர் இலக்கணத்தை விட்டுவிட்டு அடைமொழிக்கு வந்தார். நெட்ட லெட்சுமி. கிணத்தடி லெட்சுமி. ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவரின் மகள் ஆயாக்கொட்டா லெட்சுமி. ரெண்டாம் லயத்து லெட்சுமி. மிச்சம் நான். எனக்கு அப்போது சளித் தொல்லை இருந்தது. அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

ஆறாவதாக ஒரு லெட்சுமியும் இருந்தது. வேலையை மேற்பார்க்கும் தண்டல் வீட்டுப் பசு. மாலையில் தண்டல் மனைவி வேலியோரம் நின்று "ஏ லெச்சுமி" என்று குரல் கொடுத்தால் லயத்தில் பாதிப் பெண்பிள்ளைகள் வாசலுக்கு வருவோம். பசு வராது. பசுவுக்கும் யானைக்கும் இந்தப் பெயர் இன்றும் செல்லும். புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்தபோது ஊரே திரண்டு அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். மனுஷ லெட்சுமி யாருக்கும் அவ்வளவு கூட்டம் கூடி நான் பார்த்ததில்லை.

வேலைக்குப் போன பிறகு பெயர் விளையாட்டுச் சமாசாரமாக இல்லை. பெரட்டில் பெயர் வாசித்தால் நாலு பேர் ஒரே குரலில் பதில் சொல்வோம். ஒரு மாதம் நான் வெட்டிய மரத்துப் பாலின் கணக்கு செக்ரோல் பதிவேட்டில் இன்னொரு லெட்சுமிக்கு ஏறிவிட்டது. அவள் அந்த மாதம் பிரசவத்துக்குப் படுத்திருந்தாள். கேட்கப் போனேன். "அதான் லெட்சுமின்னு போட்டிருக்கே, அப்புறம் என்னா?" என்றார்கள். அடுத்த மாதம் சரிசெய்தார்கள், கொஞ்சம் குறைத்து. பிரசவத்துக்குப் படுத்தவள் அந்தக் காசில் பிள்ளைக்குக் காப்பு வாங்கியிருந்தாள். திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தாள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பெயர் இறங்கத் தொடங்கியது ஒரே நாளில் இல்லை. முதலில் தனி லெட்சுமி போனாள். சும்மா லெட்சுமி என்றால் சப்பென்று இருக்கிறதென்று முன்னால் ஒன்று சேர்த்தார்கள்: ராஜலெட்சுமி, விஜயலெட்சுமி, தனலெட்சுமி, பாக்கியலெட்சுமி. லெட்சுமி வாலானாள். பிறகு வாலை விட்டுவிட்டுத் தலையை மட்டும் கூப்பிட்டார்கள்: விஜயா, ராஜி, தனம். இன்னொரு பக்கம் பத்மினி, சரோஜா, சாவித்திரி என்று படக் கொட்டகையிலிருந்து பெயர்கள் தோட்டத்துக்குள் நடந்து வந்தன. மற்றொரு பக்கம், 1929லும் 1954லும் பெரியார் வந்துபோன நாடு இது. கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு லயத்தில் கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்ட காலத்தில் தமிழ்ச்செல்வி, மலர்விழி, கலைச்செல்வி எல்லாரும் பிறந்தார்கள். எங்கள் வாத்தியாரின் இலக்கணத்துக்கு இடறாத பெயர்கள். அவர்களுக்கும் இப்போது பேரன் பேத்தி எடுத்தாயிற்று. அந்தப் பெயர்களும் இப்போது பிறக்கிற பிள்ளைகளுக்கு இல்லை என்று கேள்விப்படும்போது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருக்கிறது. நல்ல குணமில்லை, தெரியும்.

இவற்றையெல்லாம் காரணமாகச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் லெட்சுமியை ஒழித்தது சினிமாவும் இல்லை, பெரியாரும் இல்லை. லெட்சுமிகள்தான் ஒழித்தோம்.

எண்பதுகளில் எனக்கு மகள் பிறந்தாள். வெள்ளிக்கிழமை. தோட்டத்தை விட்டு ரவாங் டவுன் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்திருந்தோம். நான் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து, அதாவது தோட்டத்திலிருந்து, அம்மா வந்தாள். குழந்தையைக் கையில் வாங்கினாள்.

"லெச்சுமின்னு வையேன்டி."

"இன்னொரு லெச்சுமியா? வேணாம்மா."

"தனியா வேணாம். பின்னாடியாச்சும் ஒட்டிக்கோ. என்னவோ லெச்சுமின்னு."

"பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்கம்மா. தோட்டத்துப் பேரு."

அம்மா அதற்கு மேல் பேசவில்லை. தோட்டத்துப் பேரு என்று நான் சொன்னதில் எனக்கே தெரியாத ஒரு வேகம் இருந்தது. தொழிற்சாலையில் வரிசையில் நின்று பெயர் சொல்லும்போதே எதிரே இருப்பவர் என்னை எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிடுவார். எந்தப் பள்ளிக்கூடம், எத்தனாம் வகுப்பு, அப்பா என்ன வேலை எதுவும் கேட்க வேண்டியதில்லை. ஒட்டுப்பால் வாடை தெரியுமா உங்களுக்கு? சட்டையைத் துவைத்தால் போகும். தலைமுடியில் நின்றது அரப்புத் தேய்த்தால் போகும். பெயரில் நின்றது போகாது. அதை என் மகள் தலையில் தேய்க்க எனக்கு மனமில்லை. ஒரு வார இதழில் தொடர்கதை நாயகிக்கு இருந்த பெயரை வைத்தேன். அதே வருஷம் ரவாங்கில் அந்தத் தொடர்கதையைப் படித்தவர்கள் நிறையப் பேர் போலிருக்கிறது. மகள் வகுப்பில் அதே பெயரில் நான்கு பேர் இருந்தார்கள்.

இந்த நாட்டில் பெயர் சாகிற விதமும் தனி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பிள்ளை பெயர், பிறகு 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி', பிறகு தகப்பன் பெயர். மலாயில் அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான்: மகன், மகள். ஆகவே முனியாண்டி, ராமசாமி, பெருமாள் எல்லாரும் இரண்டு தடவை வாழ்கிறார்கள். முதலில் கோட்டுக்கு இடப்பக்கம், தாங்களாகவே. பிறகு வலப்பக்கம், பிள்ளைகளின் ஐ.சி.யில். கணினி படித்த பையனுக்கு என்ன நாகரிகமான பெயர் இருந்தாலும், கிளினிக்கில் நர்ஸ் முழுப் பெயரையும் வாசிக்கும்போது கடைசியில் முனியாண்டி எழுந்து வருவார். பேரன் காலத்தில்தான் அவர் முழுசாகப் போகிறார்.

லெட்சுமிக்கு அந்த வலப்பக்கமே கிடையாது. இடப்பக்கம் ஒரு தடவை, அத்தோடு சரி. எத்தனை பிள்ளை பெற்றாலும் கோட்டைத் தாண்ட முடியாது. அதனால்தான் முனியாண்டிகள் இன்னும் கண்ணில் படும்போதே லெட்சுமிகள் காணாமல் போய்விட்டோம்.

ஒரே ஓர் இடம் மட்டும் உண்டு. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தாய் பெயர் என்று ஒரு கட்டம். என் மகன் வேலை விஷயமாக ஏதோ ஒரு பாரம் நிரப்பப் போனபோது அந்தக் கட்டத்தை யாரோ உற்றுப் பார்த்துவிட்டார்கள். அதில் 'யூ' இருந்த இடத்தில் 'ஐ' இருந்தது. என் ஐ.சி.யில் லெட்சுமி, அவன் பத்திரத்தில் லெட்சிமி. இருவரும் ஒருவரா? சத்தியப் பிரமாணம் வேண்டும் என்றார்கள். பெசுருஜாயா சும்பா எனப்படும் சத்தியப் பிரமாண ஆணையர் ஒருவரிடம் போய், லெட்சுமியாகிய நான் லெட்சிமியும் நானே என்று உளமாரச் சொல்கிறேன் என்ற பொருளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கினேன். ஐந்து லெட்சுமிக்கு நடுவில் நான் யார் என்று நிரூபிக்கவே சின்ன வயசு போயிற்று. இரண்டு லெட்சுமியும் நானே என்று நிரூபிக்க வயதான காலம்.

ஜோதிடரிடம் போய்வந்த அன்றிரவு அந்த லெட்சிமியையும் கூட்டிப் பார்த்தேன். எண்கள் இப்போது எனக்கு மனப்பாடம். 26. இரண்டும் ஆறும் எட்டு. எட்டு என்றால் சனி. ராகுவை விட்டால் சனி. பரவாயில்லை, மகனை வளர்த்த வருஷங்களுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

இப்போது எங்கள் பக்கம் வந்து பார்த்தால் அடையாளம் தெரியாது. பெயர் மாறியது பிள்ளைகளுக்கு மட்டுமில்லை. ரவாங்கைச் சுற்றி பண்டார் கண்ட்ரி ஹோம்ஸ், எமரல்ட், அங்குன் சிட்டி. நிலத்துக்கும் யாரோ எண்கணிதம் பார்த்திருக்கிறார்கள். பெரியவர்கள் மட்டும் பஸ்ஸில் பேசும்போது பழைய தோட்டத்துப் பெயரைச் சொல்லி இறங்குவார்கள். ஓட்டுநர் புதுப் பிள்ளையாக இருந்தால் முழிக்கும். மின்சாரம் கொண்டுவந்த தம்புசாமிப் பிள்ளை கோலாலம்பூரில் ஒரு சாலையாக இருக்கிறார். மாரியம்மன் கோயிலைக் கட்டினார், பத்துமலையில் முருகனை வைத்தார். ஒரு பிள்ளைக்குக்கூட இன்று தம்புசாமி என்று பெயர் வைக்க யாருக்கும் தைரியமில்லை. பள்ளிப் பாடத்தில் அலி, ஆ சோங், முத்து என்று மூன்று நண்பர்கள் வருவார்கள். என் காலத்தில் வகுப்பில் முத்து இருந்தான், பாடத்திலும் இருந்தான். இப்போது பாடத்தில் மட்டும் இருக்கிறான்.

லெட்சுமியும் ஒரேயடியாகப் போய்விட்டாள் என்று சொல்ல முடியாது. லக்ஷிதா, லக்ஷனா என்று சிறுமிகள் கண்ணில் படுகிறார்கள். ஆங்கிலத்தில் 'எல், ஏ, கே, எஸ்' என்று முறையாக எழுதுகிறார்கள். முதல் பாதி அவள்தான், தலையை நிமிர்த்தி, எழுத்தைத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறாள். பின்பாதியைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டாள்.

பேத்திக்கு இப்போது ஐந்து வயது. தாடிக்கா என்கிற பாலர் பள்ளிக்குப் போகிறாள். தன் பெயரின் பதினான்கு எழுத்தையும் அவளால் இன்னும் ஒரே மூச்சில் எழுத முடியவில்லை. தாள் ஓரம் முடிந்துவிடுகிறது. கடைசி இரண்டு எழுத்து சுவரைப் பார்த்துத் திரும்பி மேலே ஏறும். ஆசிரியை சுருக்கி 'யா' என்று கூப்பிடுகிறார். முக்கால் மணி நேரம் கூட்டிக் கழித்துக் கட்டிய கோபுரத்துக்கு வாசற்படி மட்டும் புழக்கத்தில் இருக்கிறது. அதே தாடிக்காவில் இன்னும் இரண்டு 'யா' உண்டு. எங்கள் பேத்தியை 'யா சத்து' என்கிறார்கள். மலாயில் சத்து என்றால் ஒன்று. மற்றவர்கள் 'யா டுவா', 'யா தீகா'. எனக்கு நெட்ட லெட்சுமி ஞாபகம் வந்தது.

மகனும் மருமகளும் வேலைக்குப் போவதால் மதியம் அவளை நான்தான் கூட்டி வருகிறேன். பள்ளியில் ஒரு பாரம் கொடுத்தார்கள். பிள்ளையைக் கூட்டிப் போக அனுமதி உள்ளவர் பெயர் என்று ஒரு கட்டம். மருமகள் அவசரத்தில் சமையலறை மேடையில் வைத்து நிரப்பினாள்.

"அத்தை, சரியான்னு பாருங்க."

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். மேலே பேத்தியின் பதினான்கு எழுத்து, ஒன்றுகூடப் பிசகாமல். ஏ/பி. மகன் பெயர். அதற்கும் கீழே, இத்தனை வருஷம் கழித்துக் கோட்டைத் தாண்டி வந்த என் பெயர். எல், இ, டி, சி, எச், எம், ஐ. 'யூ'வைக் காணோம்.

விரலால் கூட்டினேன். 25. இரண்டும் ஐந்தும் ஏழு. கேது.

"தப்பா அத்தை? வேற பாரம் கேட்டு வாங்கட்டுமா?"

கேது ஞானகாரகன் என்பார்கள். ராகுவோடு பிறந்து, சனியோடு பிள்ளை வளர்த்தாயிற்று. எழுபதை எட்டப்போகிறவளுக்குக் கேது வந்தால் வரட்டும்.

"சரியாத்தான் இருக்கு. வை" என்றேன்.

மறுநாள் மதியம் கேட்டருகே கூட்டத்தில் நின்றேன். ஆசிரியை பாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தார். சின்ன வயசு மலாய்ப் பெண். பிள்ளைகளின் பெயர்களில் தடுக்கித் தடுக்கி வந்தவர், எங்கள் முறை வந்தபோது கூட்டிப்போகிறவர் கட்டத்தை ஒரு நொடிகூடத் தயங்காமல், முன்னால் மலாயில் 'பாட்டி' சேர்த்து வாசித்தார்.

"நெனேக் லெச்சுமி!"

இன்னும் இரண்டு கிழவிகள் என்னோடு சேர்ந்து கேட்டை நோக்கி நடந்தார்கள்.